எழுத்து சிறுத்த காலை

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குப் படி ஏறும்போது முழங்கால் மட்டும் முனகுகிறது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

நீ விலாசம் அனுப்பிய குடும்ப வெப்சைட்டைப் பார்த்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் நீ சும்மா இருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். பஸ் டிப்போவில் காலமெல்லாம் டைம்டேபிள் போட்ட கை. பஸ் கிடைக்காவிட்டால் சொந்தக்காரர்களையாவது வரிசையில் நிறுத்தத்தானே செய்யும்? நம் அப்பா, அப்பாவின் அப்பா, அவருக்கும் மேலே யார் யாரோ என்று கட்டம் கட்டமாக நிற்பது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்து எள்ளு மாதிரி இருக்கிறதே, இதை யார் படிப்பது?

இன்னொன்று. செத்துப் போனவர்களுக்கெல்லாம் முழுப் பெயர் போட்டிருக்கிறாய். உனக்கும் எனக்கும் பெயரே இல்லை. கட்டத்துக்குள் வெறுமனே ‘உயிருடன்’ என்று இருக்கிறது. பெயர் வேண்டுமானால் முதலில் செத்துப் போ என்கிறதா உன் கம்ப்யூட்டர்?

என் கட்டத்துக்குக் கீழே என் பிள்ளை, நம் வாலுவின் கட்டத்தையும் பார்த்தேன். அதிலும் அதே வார்த்தைதான் இருக்கிறது. அவன் அறையில், அவன் நாற்காலியில், அவன் விட்டுப்போன கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதைப் படித்தேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்க முடியுமா? இந்த அறையில் பல்பு மங்கல், அதனால்தான் கேட்கிறேன்.

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நீ ‘ம்’ ‘ம்’ என்றே காலத்தை ஓட்டிவிடுவாய். கடிதம் என்றால் பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா

*

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எனக்குக் கழுத்து வலி, அவளுக்கு என் மேல் கோபம். இரண்டுக்கும் காரணம் கம்ப்யூட்டர்தான். ‘முன்னாடியெல்லாம் பஸ்ஸோட குடித்தனம் பண்ணினீங்க, இப்ப செத்தவங்களோட பண்றீங்க’ என்கிறாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். இந்தப் பக்கங்களை நான் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுதவில்லை. வம்சாவளிக்கென்றே ஒரு புரோகிராம் இருக்கிறது. யார், யாருடைய பிள்ளை, எப்போது பிறந்தார், எப்போது இறந்தார் என்று நான் நிரப்பிக் கொடுத்துவிட்டு ஒரு பட்டனைத் தட்டினால், அதுவே எல்லாப் பக்கங்களையும் உருவாக்கிவிடும். இருப்பவர்களின் விவரம் ஊரார் கையில் போகக் கூடாது என்று அவர்கள் பெயரை அது மறைத்துவிடும். யாருக்கு இறந்த தேதி நிரப்பப்படவில்லையோ அவர்களுக்கெல்லாம் தானாகவே ‘உயிருடன்’ என்று போட்டுவிடும். நான் போடுவதில்லை.

எழுத்து பெரிசாகத் தெரிய வேண்டுமென்றால், கீ போர்டில் கன்ட்ரோல் என்று இருப்பதை அழுத்திக்கொண்டு கூட்டல் குறி உள்ள கீயைத் தட்டு. தட்டத் தட்டப் பெரிசாகும்.

பல்பை மாற்று. அதோடு கண் டாக்டரையும் ஒருமுறை பார். தையல்காரிக்குக் கண்தானே முதல்.

அன்புடன்,
தம்பி

*

பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

கழுத்துக்குத் தைலம் தேய்க்கிறாயா? உன் வீட்டுக்காரி சொன்னதை நினைத்து இரண்டு நாள் சிரித்தேன். நான் சுகமே.

நீ சொன்னபடி தட்டினேன். எழுத்து பெரிசாகிறது, வாஸ்தவம். கூடவே குடும்பமே பெரிசாகித் திரையை விட்டு வெளியே ஓடுகிறது. என் கட்டத்தைத் தேடி மவுஸை இழுத்தால் தாத்தாவுக்குத் தாத்தா வீட்டு வாசலில் போய் நிற்கிறேன். அங்கிருந்து திரும்பி வர வழி தெரியவில்லை. நீதான் உன் பக்கத்திலிருந்து ஏதாவது செய்ய வேண்டும்.

கண் டாக்டரிடம் போன மாதமே போய் வந்துவிட்டேன். கண்ணாடி மாற்றச் சொன்னார். மாற்றியாகிவிட்டது. பொத்தானுக்குக் காஜா எடுக்கும் வேலையைத் தெருமுனைக் கடைக்குக் கொடுத்துவிட்டேன். சின்ன வேலை, யார் செய்தால் என்ன.

நீ கேட்கமாட்டாய். நானே சொல்லிவிடுகிறேன். நான் தினமும் காலையில் மிஷினில் உட்காருவதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்து அவன் கட்டத்தைப் படித்துவிட்டுத்தான் போகிறேன். தானாகப் போடுகிறதோ, நீ போடுகிறாயோ, எனக்கு அது முக்கியமில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு மனுஷர்கூட அந்த வார்த்தையை என்னிடம் சொல்லவில்லை. எல்லாரும் ‘வருவான், வருவான்’ என்கிறார்கள், சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறார்கள்.

அவன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போனது உனக்குத் தெரியும். இரண்டு வருஷம் மாதம் தவறாமல் எழுதினான். கடைசிக் கடிதத்தில், மழை விட்டதும் வருகிறேன் என்றிருந்தான். ‘மன்னிப்புக் கேட்டுட்டு வரட்டும்னு எழுது’ என்றார் உன் அத்தான். அவர் சொன்னபடியே எழுதித் தபாலில் போட்டேன். அதற்குப் பிறகு ஒரு வரி வரவில்லை. உன் அத்தான் வெளியே காட்டிக்கொள்ளமாட்டார். ஆனால் சாகிற வரைக்கும் தபால்காரர் மணி அடித்தால் முதலில் எழுந்து போனவர் அவர்தான்.

அந்த வரியைப் படித்த கோபத்தில்தான் எழுதாமல் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோபம் என்றால் என்றைக்காவது தணியும் இல்லையா?

எழுத்தைப் பெரிசாக்கு. உன் கையெழுத்தையும்தான்.

அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி?

இப்போது போய்ப் பார். எழுத்தின் அளவு, நிறம் எல்லாம் ஒரு சின்ன ஃபைலில் இருக்கிறது. அதைத் திறந்து எழுத்தளவு எண்ணை இரட்டிப்பாக்கினேன். உடனே எழுத்து கட்டத்தைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கொள்ளுப்பாட்டனாரின் பெயரில் பாதி பக்கத்துக் கட்டத்துக்காரியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. உயிரோடு இருந்திருந்தால் பஞ்சாயத்து ஆகியிருக்கும். பிறகு கட்டத்தின் அகலத்தையும் கூட்டி, ஒரு வரிசையில் ஆறு கட்டம் இருந்ததை மூன்றாக்கிச் சரிசெய்தேன். உன் பக்கத்தைத் திறந்ததும் உன் கட்டமும் அத்தான் கட்டமும் கீழே வாலுவின் கட்டமும் மட்டும் தெரியும். மவுஸை எங்கும் இழுக்க வேண்டாம்.

இதற்கு மூன்று நாள் ஆயிற்று. அவள் சாப்பாட்டைக் கம்ப்யூட்டர் மேஜைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

அவனைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். முன்னோர்களின் விவரம் கேட்டு நான் எழுதாத ஆபீஸ் இல்லை. அந்தத் துறைமுகப் பக்கம் இருக்கிற அலுவலகங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அவனைப் பற்றி விசாரித்து எழுதியிருக்கிறேன். தாய்மாமன் நான், இதை முன்பே செய்திருக்க வேண்டும். பார்ப்போம்.

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

நீ நூறு வயசு இருப்பாய். உன் வீட்டுக்காரி உன்னைத் திட்டிக்கொண்டே அதற்கு மேலும் இருப்பாள்.

பக்கத்தைத் திறந்ததும் தலைப்புச் செய்தி மாதிரி தெரிந்தது. நாற்காலியில் சாய்ந்தபடியே படித்தேன். நின்றுகொண்டு படித்தேன். அறை வாசலில் நின்றுகூட முயன்று பார்த்தேன், அங்கிருந்து மங்கலாக ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே.

பதினைந்து நாள் ராஜ வாழ்க்கை. நேற்று முன்தினம் திறந்தால் மறுபடியும் எள்ளு. நான் எதையும் தொடவில்லை. கன்ட்ரோல், கூட்டல் குறி எதையும் தட்டவில்லை. என்ன ஆயிற்று என்று பார்.

அந்த ஆபீஸ்களிலிருந்து ஏதாவது பதில் வந்ததா?

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே.

அக்கா

*

ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? தேதியைப் பார்த்துவிட்டு ஏமாற்றுகிறேன் என்று நினைக்காதே, உண்மையைத்தான் எழுதுகிறேன்.

தப்பு என்னுடையது. சித்தப்பா மகனுக்குப் பேத்தி பிறந்திருக்கிறது. அந்தக் குழந்தையைச் சேர்த்துவிட்டுப் பட்டனைத் தட்டினேன். புரோகிராம் எல்லாப் பக்கத்தையும் புதிதாக உருவாக்கியது. அப்போது நான் மாற்றி வைத்திருந்த அந்தச் சின்ன ஃபைலையும் தூக்கிப் போட்டுவிட்டுத் தன்னுடைய பழைய ஃபைலையே வைத்துவிட்டது. அதற்கு அக்கா தெரியுமா, அக்காவின் கண் தெரியுமா? இனி ஒவ்வொரு முறை பக்கம் போட்டதும் நான் மறுபடி எழுத்தைப் பெரிசாக்க வேண்டும். மறக்காமல் இருக்கக் கம்ப்யூட்டரின் நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: ‘பக்கம் போட்டாச்சா? அக்காவுக்குப் பெரிசாக்கு.’

அதனால் ஒரு நாள் எழுத்து சிறுத்திருந்தால் பதறாதே. நான் குடும்பத்தில் யாரையோ சேர்த்திருக்கிறேன், பெரிசாக்க மறந்துவிட்டேன் என்று புரிந்துகொள்.

பதில் எதுவும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
தம்பி

*

ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. அங்கே எப்படி? உன் வீட்டுக்காரியின் ரத்தக் கொதிப்பு மாத்திரை தவறாமல் நடக்கிறதா?

போன வாரம் எழுத்து சிறுத்திருந்ததைப் பார்த்து, யார் வீட்டிலோ நல்ல செய்தி என்று நானே சந்தோஷப்பட்டுக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் பெரிசாகிவிட்டது. சீட்டு வேலை செய்கிறது. இந்த விளையாட்டு எனக்குப் பிடித்திருக்கிறது. காலையில் திறக்கும்போது எழுத்து சின்னதாக இருந்தால் குடும்பத்துக்குள் யாரோ புதிதாக வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பள்ளிச் சீருடை ஆர்டரை இந்த வருஷம் எடுக்கவில்லை. காலர் வைப்பது, பாக்கெட் வைப்பது என்று நுணுக்கமான வேலை. தலையணை உறையும் ஜன்னல் திரையும் போதும் என்று முடிவு செய்துவிட்டேன். நேர்கோட்டில் ஓட்டினால் போதும், கையே பார்த்துக்கொள்ளும். ஊசியில் நூல் கோக்க ஒரு சின்னக் கம்பி விற்கிறார்கள், வாங்கியிருக்கிறேன்.

பதில் வந்தால் நல்லதோ கெட்டதோ எனக்கு எழுது. நான் தாங்கமாட்டேன் என்று நீயாக முடிவு செய்யாதே.

அக்கா

*

ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள், சாமான்களை இடம் மாற்றும் வேலை. கழுத்து வலியும் விடவில்லை.

எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கியிருக்கிறேன். கவனித்தாயா? முன்பு சாம்பல் நிறத்தில் இருந்த எழுத்தைக் கறுப்பாக்கினேன். பின்னணியை வெளிர் மஞ்சள் ஆக்கலாம், கண்ணுக்கு இதமாக இருக்கும் என்கிறார்கள். உனக்கு எது வசதி என்று சொல். வரிக்கும் வரிக்கும் நடுவில் இடைவெளி விடலாம். எழுத்தைத் தடிமனாகவும் ஆக்கலாம்.

ஆபீஸ்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். எழுதும்படியாக ஒன்றுமில்லை.

நீ ஏன் எங்களோடு வந்து கொஞ்ச நாள் இருக்கக் கூடாது? மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. மிஷினையும் கொண்டுவந்துவிடலாம். அவளும் அதைத்தான் சொல்கிறாள்.

தம்பி

*

ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

கழுத்துக்கு டாக்டரைப் பார். உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

மாடி அறைக்கு வர இப்போது முடியாது. திரைச்சீலை ஆர்டர் ஒன்று பாதியில் நிற்கிறது. பின்னணி வெள்ளையாகவே இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜூன் பத்தாம் தேதி காலையில் எழுத்து சிறுத்திருந்தது. மத்தியானம் பெரிசாகிவிட்டது. அன்றைக்கு யாரைச் சேர்த்தாய்?

அக்கா

*

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். தனியாக இருக்கிறாய் என்று எங்களுக்கு எப்போதும் கவலைதான்.

ஜூன் பத்தாம் தேதி என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். பெரிய அத்தையின் பிறந்த வருஷம் தப்பாக இருந்தது. அதைத் திருத்திப் பக்கம் போட்டேன். வெள்ளை அடித்தபோது சீட்டு எங்கோ விழுந்துவிட்டது, அதனால்தான் பெரிசாக்க மறந்தேன். புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. வேறொன்றுமில்லை.

மாடி அறையைப் பற்றி யோசி, அக்கா.

தம்பி

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா என்று கேட்கிறேன். நான் சுகமா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெரிய அத்தை பாவம். இருந்தபோதும் வீட்டில் என்ன உடைந்தாலும் அவள் மேல்தான் பழி போட்டோம். போய்ச் சேர்ந்த பிறகுமா?

அன்றைக்குக் காலையில் பக்கத்தைத் திறந்தேன். எள்ளாக இருந்தது. யாருக்கோ குழந்தை என்று நினைத்தேன். வழக்கம் விட்டுப் போகக் கூடாது என்று பூதக்கண்ணாடியை எடுத்துத் திரையில் வைத்து என் கட்டத்திலிருந்து கீழே இறங்கினேன். அங்கே அந்தச் சின்ன வார்த்தை இல்லை. நீளமாக ஏதோ இருந்தது. இடம் மாறிவிட்டேனோ என்று மறுபடியும் மேலே போய், என் கட்டத்தைப் பிடித்து, திரும்ப இறங்கினேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். அவன் பெயர். வீட்டில் யாரும் கூப்பிடாத, பள்ளிக்கூடத்தில் மட்டும் கூப்பிட்ட முழுப் பெயர். பெயருக்குக் கீழே பிறந்த வருஷம், ஒரு கோடு, கோட்டுக்குப் பின்னால் எண்கள்.

உயிரோடு இருக்கிறவனுக்கு உன் கம்ப்யூட்டர் பெயர் போடாது. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீதான்.

அந்த எண்ணைப் படிக்க எவ்வளவோ பார்த்தேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன். முகத்தைத் திரையோடு ஒட்டிக்கொண்டு பார்த்தேன். என் மூச்சு பட்டுத் திரை மங்கியதே தவிர எண் தெரியவில்லை. கன்ட்ரோலைத் தட்டலாம் என்று அப்போது தோன்றவே இல்லை. பக்கத்து வீட்டில் போய்க் கூப்பிடலாம் என்றால் என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது? முகம் கழுவிக்கொண்டு மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால், பெரிய பெரிய எழுத்தில் ‘உயிருடன்’ என்று இருக்கிறது.

நான் கனவு கண்டேனோ என்று இரண்டு நாள் நம்பிப் பார்த்தேன். பிறகு உன் கடிதம் வந்தது. எழுத்தைக் கறுப்பாக்கினேன், பின்னணியை மஞ்சளாக்கலாம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாய். அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று. உன் மேல் கோபம் இல்லை. எனக்காக நீ தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறாய். சின்ன வயதிலும் நீ அப்படித்தான், அழுதால் நான் அழுவேன் என்று அழமாட்டாய்.

நானும் உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. அறையின் பல்பில் ஒரு குறையும் இல்லை. கண் டாக்டர் ஜனவரியிலேயே கையை விரித்துவிட்டார். நடுவில் பார்வை கரைந்துகொண்டே போகிறது, நிறுத்த முடியாது என்றார். இந்த வருஷம் முடிவதற்குள் படிப்பதற்கான கண் இருக்காது. மிஷினுக்கு உறை போட்டுவிட்டேன். திரைச்சீலை ஆர்டர் என்று எழுதியது பொய். இந்தக் கடிதத்தைக்கூட அளவு ஸ்கேலை வைத்து அதன் ஓரத்தில் பேனாவை ஓட்டித்தான் எழுதுகிறேன்.

அதனால் எனக்கு இதைச் செய்து கொடு. தேதியைப் போடு. அவன் பெயர் வரட்டும். எழுத்து எவ்வளவு பெரிசாகுமோ அவ்வளவு பெரிசாக்கு. போனில் சொல்லாதே, கடிதத்தில் எழுதாதே, யாரையும் விட்டுப் படிக்கச் சொல்லாதே. அவன் பிறந்தபோது முதலில் பார்த்தது நான். இதையும் நான்தான் என் கண்ணால் பார்க்க வேண்டும்.

கோட்டுக்குப் பின்னால் இருக்கிற எண் எனக்கு வேண்டும், தம்பி. அது போன வருஷம் என்றால், இத்தனை காலமும் எங்களை வெறுத்துக்கொண்டு எழுதாமல் இருந்திருக்கிறான். அதற்கு முன்னால் என்றால் வேறு. அது தெரியாமல் என்னால் இருக்க முடியாது.

நான் சுகமாக இல்லை.

அக்கா

*

ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் வியாழக்கிழமை புறப்பட்டு உன்னிடம் வருகிறோம். நீ வர வேண்டாம், நாங்கள் வருகிறோம். எத்தனை நாள் என்று முடிவு செய்யவில்லை. அவள் பெட்டியில் அடுக்குவதைப் பார்த்தால் திரும்புகிற எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை.

இதை மார்க்கர் பேனாவால் எழுதுகிறேன். ஒரு தாளுக்கு ஆறு வரிதான் வருகிறது. கட்டு தடிமனாக இருக்கிறதே என்று பயப்படாதே. மெதுவாகப் படி.

மே மாதம் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. அவன்தான். காய்ச்சலில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். வந்து சேர்ந்ததிலிருந்து நினைவு தப்பிவிட்டதாம். கூட வேலை பார்த்தவர்கள் முறை வைத்துப் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். அவர்களே அடக்கம் செய்து கல்லும் வைத்திருக்கிறார்கள். உறவினர் யார் என்று கேட்டதற்கு, ‘அம்மா இருக்காங்க, துணி தைப்பாங்க, அம்மா தைச்ச சட்டையைத்தான் போட்டுப்பான்’ என்று சொல்லியிருக்கிறார்கள். விலாசம் அவர்களுக்குத் தெரியவில்லை.

அதைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? அழுவதற்கு முன்னால் தேதியை எடுத்துப் புரோகிராமில் நிரப்பினேன். டைம்டேபிள் போட்டவன் புத்தி. கையில் ஒரு தேதி கிடைத்தால் அதற்குரிய கட்டத்தில் போடாமல் இருக்கத் தெரியாது. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாரக்கணக்கில் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நிரப்பியதை மறந்தே போனேன். ஜூன் ஒன்பதாம் தேதி யாருடைய கல்யாணத்தையோ சேர்த்துவிட்டுப் பட்டனைத் தட்டினேன். அந்தப் பக்கத்தோடு இதுவும் வெப்சைட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் மத்தியானம் உனக்காக எழுத்தைப் பெரிசாக்கப் போனபோதுதான் அவன் பெயரைப் பார்த்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அழித்துவிட்டுப் பழையபடி போட்டேன். நீ அன்றைக்குப் பார்த்திருக்கமாட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ சொன்னபடி இப்போது செய்துவிட்டேன். இந்த முறை அந்தச் சின்ன ஃபைலில் மாற்றவில்லை. புரோகிராமுக்கு உள்ளேயே அளவை மாற்றக் கற்றுக்கொண்டேன். இனி யார் எத்தனை முறை பக்கம் போட்டாலும் எழுத்து சிறுக்காது. அவன் பெயர் நீளம். ஒரு வரியில் அடங்கவில்லை, இரண்டு வரியாக வருகிறது. அதற்குக் கீழே பிறந்த வருஷம், கோடு, அப்புறம் நீ கேட்ட எண்.

அந்த எண்ணை இங்கே எழுதவில்லை. என் கண்ணால்தான் பார்ப்பேன் என்றாய். அதைப் பார்க்கும்போது அவனுடைய கடைசிக் கடிதத்தையும், மழை விட்டதும் வருகிறேன் என்று எழுதினானே, அந்தக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள். அதன் தேதியையும் பார். நீ போட்ட பதில் அவன் கைக்குப் போய்ச் சேரவே இல்லை, அக்கா. அவனுக்கு யார் மேலும் கோபம் இல்லை.

இன்னும் ஒன்று. அவன் கட்டத்துக்கு மேலே உன் கட்டம் இருக்கிறது. அதில் ‘உயிருடன்’ என்று இருக்கிறது. அதையும் அதே அளவுக்குப் பெரிசாக்கியிருக்கிறேன். தினமும் காலையில் இனி அதைப் படி. கண் தெரியாமல் போனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறேன்.

தம்பி